சின்ன மாமாவின் ஒன்றுமில்லாத படிப்பு

அம்மாவுக்குத் தம்பிகள் இரண்டு பேர். பெரிய மாமா கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் புதுப் பம்புகளைச் செய்து பார்க்கிற வேலையில் இருந்தார். சின்ன மாமாவுக்கு மெட்ராஸில் ஆராய்ச்சிப் படிப்பு. கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பாராம்.

"ஒன்னுமில்லாததுல என்ன இருக்குன்னு படிக்கிறான் எம் மச்சினன்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். படிக்க வைப்பவரும் அவர்தான். இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ சின்ன மாமா என்றால் உயிர். அப்பாவிடம் அவர் ஒரு தடவையாவது பேர் வாங்கிவிட வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் வெகு ஆழத்துக்குப் போய்விட்டது. மேலே கொட்டகையில் மோட்டார் தொண்டை கிழியக் கத்தியும் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. வெங்காயத் தாள் மஞ்சளடித்ததும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய மாமா வந்து வாஷரை மாற்றினார், குழாயைப் பிரித்துப் பூட்டினார். கடைசியில் இன்னும் பெரிய மோட்டாரையே மாட்டினார். அது இன்னும் பலமாகக் கத்தியது, அவ்வளவுதான்.

லீவுக்கு வந்திருந்த சின்ன மாமா கிணற்றை எட்டிப் பார்த்தார். "அண்ணே, பம்பு தண்ணிய இழுக்கிறதே இல்ல. குழாய்ல இருக்குற காத்தத்தான் எடுக்குது. வெளிக்காத்துதான் தண்ணிய மேல தள்ளுது. காத்தால இம்புட்டு ஒசரம் தள்ள முடியாது. எம்புட்டுப் பெரிய மோட்டார் வச்சாலும் அம்புட்டுதான்."

"அதுக்கு என்னடா செய்ய?" என்றார் அப்பா.

"அது எனக்குத் தெரியாது மச்சான்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெரிய மாமா மட்டும் கயிற்றை விட்டுத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தார். பிறகு, "அப்ப பம்போட மோட்டார உள்ள எறக்கிருவோம். காத்து கொஞ்ச ஒசரம் தள்ளுனாப் போதும், அங்கருந்து மேல தள்ளுறத பம்பே பாத்துக்கிரும்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். மறுநாள் தண்ணீருக்குச் சற்று மேலே, கிணற்றின் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு மோட்டாரை அதில் உட்கார வைத்தார்.

அடேயப்பா, வாய்க்கால் கொள்ளாத தண்ணீர்! அப்பா இருவரையும் கட்டிக்கொண்டார். "ஏப்பா, இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டு மெட்ராஸ்ல எதுக்குக் கெடக்க? படிச்சது போதும். அண்ணனும் தம்பியுமா திண்டுக்கல்லுல மோட்டார் கடை போடுங்க. எடம் நான் பாத்துத் தாரேன்."

நான் கேட்டதற்கு மேலேயே பிள்ளையார் கொடுத்துவிட்டார்! மாமா இனி இங்கேயேதான் இருப்பார். நான் குதித்தேன்.

"இதுக்காக நான் அதப் படிக்கலையே மச்சான்" என்றார் சின்ன மாமா. தண்ணீர் இரைச்சலில் அது அப்பா காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு விழுந்தது.

அன்று வீட்டில் கறிச்சோறு. சின்ன மாமா இரண்டு வாய் சாப்பிட்டு இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். "வெயில்ல நின்னது ஒத்துக்கல" என்றார் அம்மா. நானும் அதைத்தான் நம்பினேன். ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்தால் சரியாகிவிடும் என்றேன்.