சீப்பிலிருந்து முளைத்த காடு

கனடாவில், மார்க்கம் நகரத்து எங்கள் வீட்டுக் குசினியில் தலைவாரிக்கொண்டே மகள் சொன்னாள்: "அம்மா, ரஷ்யன் கதையளிலை சீப்பு ஒரு சிம்பலாம். தாயின்ரை புரொடெக்‌ஷனாம்." யூனிவர்சிற்றியில் அவளுக்கு அது ஒரு பாடம்; கட்டுரை எழுதவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் என் அப்பா எனக்கும் அக்காவுக்கும் தமிழில் வாசித்துக் காட்டிய கதைதான். சூனியக்காரி துரத்தி வரும்போது சிறுமி சீப்பைப் பின்னால் எறிவாள். அது அடர்ந்த காடாகி வழியை மறிக்கும்.

சண்டை நெருங்கி, ஆமி வருகிறதென்று ஊரே வீதியில் இறங்கி நடந்த அன்று, அக்கா எங்கள் அம்மாவின் பையிலிருந்து நல்லெண்ணெய் மணக்கும் மரச்சீப்பை எடுத்துப் பின்னால் எறிந்தாள்.

"இப்ப காடு வரும், பாருங்கோ!"

வீட்டையே விட்டுவிட்டு வந்த அம்மா, அந்தச் சீப்புக்காகச் சனத்துக்குள் திரும்பி ஓடினாள். எடுத்து வந்து அக்காவின் முதுகில் ஒன்று போட்டாள். அக்கா அழுதபடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சனம்தான் வந்துகொண்டிருந்தது.

காடு பிறகு வந்தது. பல வருடம் கழித்து ஆமி பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை விட்டபோது போய்ப் பார்த்தோம். எங்கள் வீட்டு அறைகளுக்குள் மரங்கள் நின்றன. உள்ளே கால்வைக்க முடியவில்லை.

"என்னம்மா, சரிதானே?" மகள் சீப்போடு திரும்பிக் கேட்டாள்.

"ஓம், எழுது. ஆனா உந்தக் காடு ஆரை மறிக்குமெண்டு சீப்புக்குத் தெரியாது. அதையும் எழுது."