அனுபவம் போதாத டாக்டர்

என் அக்கா சொந்த ஊரில் பதினெட்டு வருஷம் குடும்ப டாக்டராக இருந்தவள். அத்தானுக்கு வேலை மாறியதால் இந்த நாட்டுக்கு வந்தாள். இங்கே மறுபடி பரீட்சை எழுதித் தேறினால்தான் வைத்தியம் பார்க்கலாம். அதுவரை முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்குப் போனாள். எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறினாள். நோயாளியாக நடிப்பவர்களைப் பரிசோதிக்கும் செய்முறைத் தேர்வில்தான் இரண்டு முறை தோற்றாள். அழுவதுபோல் நடித்தவளின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்ததில் நேரம் முடிந்துவிட்டதாம். மூன்றாம் முறை அதிலும் தேறி, டாக்டராகப் பதிவு செய்ய மருத்துவக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கிருந்த அதிகாரி தணிந்த குரலில் சொன்னார்: “நீங்க நோயாளிகளைப் பார்த்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா. சமீபத்துல பார்த்த அனுபவம் இல்லாம பதிவு தர முடியாது.”

“பதிவு இல்லாம நான் யாரைப் பாக்குறது?”

அவர் அக்காவின் சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அத்தான், “பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கிற கதைதான்” என்றார். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அது எப்போது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதியோர் இல்லத்தில் இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “டாக்டர் எப்பம்மா வருவாரு?” என்று கேட்டாராம்.

“வியாழக்கிழமை வருவாருங்க” என்று சொல்லிவிட்டு, அக்கா அவருடைய படுக்கை விரிப்பை மாற்றியிருக்கிறாள்.