டைம் ஆபீஸ் சார் புதுப் படம் போட்டிருக்கிறார்

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் ஓசூரில் எதிரே வருகிற ஆளெல்லாம் வேலை போய்விட்டதாமே என்றுதான் நலம் விசாரித்தார்கள். போகவில்லை ஐயா, பிரேக் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவனைச் சில மாதம் ஓட்டிவிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் உட்காரவைத்து, மறுபடி புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். விடாமல் வைத்திருந்தால் நிரந்தரம் செய்யச் சொல்லிக் கேட்டுவிடுவோம் என்கிற பயம். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஐடிஐ சான்றிதழோடு தெற்கேயிருந்து வந்து, இந்த ஊரில் பல பிரேக் பார்த்தவன் நான்.

அந்த முறை மட்டும் பிரேக் நீண்டுகொண்டே போனது. அமெரிக்காவில் ஏதோ வங்கி கவிழ்ந்துவிட்டதாம். அங்கே வங்கி கவிழ்ந்தால் இங்கே சிப்காட்டில் நான் ஏன் வண்டிக்கு உதிரிபாகம் கடையக் கூடாது என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கடைசி நாள் எங்களை வரிசையில் நிற்கவைத்து வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் சார் ஒரு விஷயம் சொன்னார். ஆர்டர் வந்ததும் கூப்பிடுவோம், ஆனால் போனில் கூப்பிட மாட்டோம். நீங்கள் எல்லோரும் ஆஃபர் பார்த்துப் பார்த்து சிம் கார்டை மாற்றுகிறீர்கள், ஆகையால் மெயில்தான், எல்லோரும் ஐடி கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு மெயில் என்றால் என்னவென்றே தெரியாது.

எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டர்காரர்தான் எனக்கு ஐடி போட்டுக்கொடுத்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர். பாதிக் கன்னடம் பாதித் தமிழ், கோபம் வந்தால் முழுத் தெலுங்கு. யார் பெயரில் போடுவது என்று கேட்டார். என் பெயரையும் மனைவி பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னேன். ரேஷன் கார்டு ஒன்று, கேஸ் இணைப்பு ஒன்று, மெயில் மட்டும் எதற்கு இரண்டு? வேலை செய்கிறதா என்று பார்க்க டைம் ஆபீஸ் சாருக்கு ஒரு வணக்கம் போட்டோம். அது போய்ச் சேர்ந்தது. அதோடு என் பாக்கி வேலை காத்திருப்பது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

என் மனைவி சாமல்பட்டிக்காரி. அப்போது ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பக்கத்து மெஷின் பெண், கூடப் படித்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்துத் தருகிற ஒரு தளம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அதே சென்டருக்குப் போய், எங்கள் மெயில் ஐடியைக் கொடுத்து அதில் சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தளம் மெயிலின் பாஸ்வேர்டையும் கேட்டது, கொடுத்தாள். உங்கள் முகவரிப் பட்டியலில் இருப்பவர்களை எல்லாம் அழைக்கட்டுமா என்று கேட்டது. எங்கள் ஊர்க்காரர்களிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? விசேஷத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டு இன்னொருவரை விட்டால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். யாரையும் விடாமல் கூப்பிடு என்று அழுத்திவிட்டு வந்துவிட்டாள். பட்டியலில் இருந்தவர்கள் அவளுடைய அண்ணன், எங்கள் காண்ட்ராக்டர், அப்புறம் டைம் ஆபீஸ் சார்.

மறுநாளிலிருந்து மெயில் பெட்டி நிரம்பத் தொடங்கியது. நான் காலையில் ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறவன் மாதிரி குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சென்டருக்குப் போவேன். திறந்தால் திரை நிறைய தடித்த எழுத்து. யாரோ ஒருத்தி அந்தத் தளத்தில் என் மனைவியின் சுவரில் ஏதோ எழுதியிருக்கிறாள். அவள் எழுதியதற்கு இன்னொருத்தி எழுதியிருக்கிறாள். யாருக்கோ பிறந்தநாள். யாரோ ஒருவருடைய தோழியின் தோழி உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். எனக்குத் தெரியாது ஐயா, எனக்கு வேலை வேண்டும். இந்தக் கூட்டத்துக்குள் கம்பெனி மெயில் எங்கே நசுங்கிக் கிடக்கிறதோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். எல்லாமே இங்கிலீஷ், எல்லாமே ஒரே மாதிரி. படித்து முடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். வீட்டுக்குப் போய், இன்னும் முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை, நடுவில் எங்கேயோ இருக்கும் என்பேன். நாளைக்கு நல்லா பாருங்க என்பாள் அவள்.

ஒருநாள் அந்தக் கூட்டத்தில் டைம் ஆபீஸ் சாரின் பெயரைப் பார்த்தேன். சென்டர்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் திறந்தேன். சார் என் மனைவியின் நட்பை ஏற்றுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். வேலைக்கு எடுக்காதவர் நட்புக்கு எடுத்திருக்கிறார். இது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. தொழிலாளியின் பெண்டாட்டி அதிகாரியை நட்புக்குக் கூப்பிடுவதாவது என்று கோபப்பட்டு என் பெயரை அடித்துவிட்டாரோ? அல்லது சந்தோஷப்பட்டு முதல் ஆளாகக் கூப்பிடப்போகிறாரோ? சென்டர்காரரிடம் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அதற்கப்புறம் சாரின் பெயர் அடிக்கடி வந்தது. சார் புதுப் படம் போட்டிருக்கிறார். சார் ஊட்டிக்குப் போயிருக்கிறார். சாரின் படத்துக்கு யாரோ சூப்பர் என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைப் பார்த்ததும் வேலைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று திறப்பேன். திறந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்திருப்பார். இதற்கு மேலும் தாங்காது, இதை நிறுத்தியே தீருவது என்று முடிவு செய்தேன்.

எப்படி நிறுத்துவது என்பதுதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. முதலில், அனுப்புகிறவனிடமே கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு பதில் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, நான் கம்பெனி அழைப்பை எதிர்பார்த்திருக்கிறேன், தயவுசெய்து சில நாட்களுக்கு அனுப்ப வேண்டாம், தங்கள் உண்மையுள்ள என்று முடித்திருந்தேன். லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை. உடனே பதில் வந்தது. ஆகா, மனுஷன் ஒருவன் இருக்கிறான் என்று திறந்தால், இந்த முகவரிக்கு யாரும் எழுத வேண்டாம், இதை யாரும் படிப்பதில்லை என்றிருந்தது. யாருமே படிக்கவில்லை என்றால் எனக்குப் பதில் போட்டது யார்? நிறுத்தச் சொல்லிப் போனவனுக்கு ஒரு மெயில் கூடியதுதான் மிச்சம்.

அடுத்து சென்டர்காரர் ஒரு வழி சொன்னார். இதெல்லாம் குப்பை என்று அழுத்துங்கள், தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்றார். அழுத்தினேன். ஒதுங்கத்தான் செய்தது, ஆனால் கம்பெனி மெயிலும் சேர்ந்து ஒதுங்கியிருந்தால் என்ன செய்வது என்று அந்தக் குப்பைப் பெட்டியையும் தினமும் கிளற வேண்டியதாயிற்று. முன்பு ஒரு பெட்டியில் தேடினேன், இப்போது இரண்டு பெட்டியில். நட்பு கேட்டு வந்த ஒவ்வொருவரையும் மெயிலிலேயே வேண்டாம் என்று தள்ளியும் பார்த்தேன். அதில் சாமல்பட்டி ஸ்கூலில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளும் ஒருத்தி. என் மனைவியின் அண்ணனிடம் நம்பர் வாங்கி, என்னை வேண்டாம்னு சொல்ற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா என்று போனிலேயே அழுதாளாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குத் தட்டு மட்டும்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

கடைசியில் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் எறும்பு சைஸ் எழுத்தில் நிறுத்தும் வழி எழுதியிருந்தது. அதை அழுத்தினால் தளத்துக்குள் நுழையச் சொல்லும். நுழைய அவள் அந்தத் தளத்துக்கு வைத்திருந்த பாஸ்வேர்டு வேண்டும். கேட்டேன்.

"வேணாங்க. அது பாட்டுக்கு வந்துட்டுப் போவட்டும், நிறுத்தாதீங்க."

ஏன் என்று கேட்டேன். சோறு வடிக்கப் போய்விட்டாள். அடுத்த நாளும் கேட்டேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றாள். பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும், சிவந்திருந்தது. எனக்குக் கன்னாபின்னாவென்று யோசனை ஓடியது. வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறவனுக்கு யோசனைக்கா பஞ்சம்? அதில் என்ன மறைக்க இருக்கிறது, யார் எழுதுகிறார்கள் என்று கத்திவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எங்கள் மகளுடைய பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பாஸ்வேர்டை எழுதி, என் சட்டைப் பையில் அவளே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று நானும் சென்டர்காரரும் உட்கார்ந்து ஒவ்வொரு டிக்காக எடுத்தோம். யாராவது எழுதினால் தெரிவிக்கவா, பிறந்தநாள் தெரிவிக்கவா, படம் போட்டால் தெரிவிக்கவா. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அவள் பேரில் அங்கே வந்திருந்த கடிதங்கள் எதையும் நான் திறக்கவில்லை, அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. பிறகு மெயில் பெட்டிக்கு வந்து, கம்பெனி மெயில் மட்டும் அழிந்துவிடாதபடி பார்த்துப் பார்த்து, பழைய அறிவிப்புகளை எல்லாம் பக்கம் பக்கமாக அழித்தோம். "ஆய்த்து ணா, ஆய்த்து" என்று வேலை முடிந்த சந்தோஷத்தில் சென்டர்காரர் கையைத் தட்டினார். விட்டது சனி என்று நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். ஐடி போட்ட அன்று மெயில்காரன் அனுப்பிய வரவேற்பு ஒன்று இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. கர்சரை மேலே கொண்டுபோனேன், கீழே கொண்டுவந்தேன். குப்பைப் பெட்டியைத் திறந்தேன், காலி. எங்கேயோ நடுவில் கிடக்கிறது என்று அத்தனை நாளும் நான் நம்பிய மெயிலைக் காணவில்லை. எதற்கு நடுவில் கிடக்கும்? நடுவு என்று ஒன்று இருந்தால்தானே.

சாயங்காலம் அவள் தையல் கம்பெனியிலிருந்து வந்ததும், தப்பு நடந்துபோச்சு, அழிக்கும்போது கம்பெனி மெயிலும் அழிந்திருக்கும், நாளைக்கு கம்பெனி கேட்டுக்கே போய் டைம் ஆபீஸ் சாரைப் பார்த்து மறுபடி ஒருமுறை அனுப்பச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்றேன். அவள் டிபன் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"கேட்டுக்குப் போவாதீங்க. நான் அவர்கிட்ட அந்த சைட்லயே கேட்டுட்டேன். நீங்க வேலை பார்த்த லைனையே மூடிட்டாங்களாம், யாரையும் கூப்பிட மாட்டாங்களாம். தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிட்டாரு."

அவர் பதில் எழுதியிருப்பதாக வந்த அந்த ஒரு மெயிலை மட்டும், நான் பார்ப்பதற்குள் சென்டருக்குப் போய் அழித்திருக்கிறாள். பொங்கலும் முடிந்து, மாமரமெல்லாம் பூத்துவிட்டிருந்தது. இத்தனை நாளும் நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பியதையும், வந்து இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று சொன்னதையும், இவள் தெரிந்துகொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது, அதுவும் யாருக்கு முன்னால் என்று தெரியவில்லை. அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா," என்றாள், "காலைல எந்திரிச்சு எங்க போயிருப்பீங்க?"

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தேய்த்துப் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.