ஹில்டா வாங்காத சாவி

ஹில்டா பிராபர்ட் எனக்குப் பக்கத்து வீடு. இங்கிலாந்தின் ஹெரிஃபர்ட்ஷையரில் இருக்கும் எங்கள் கிராமத்தில் அவளைப் போன்ற பிடிவாதக்காரி வேறு யாரும் கிடையாது. ஞாயிறுதோறும் ஆப்பிள் புட்டிங் சுட்டு, துணியில் சுற்றி, பழத்தோட்டத்தின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதை வழியாக எடுத்துப் போவாள். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் ரெஜ் தனியாக இருக்கிறார். புட்டிங் ஆவி பறக்கப் போய்ச் சேரும்.

அந்தத் தோட்டத்தை லாங்லி என்பவர் வாங்கினார். வந்த கையோடு பாதையின் கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஆனால் பொல்லாத மனிதர் இல்லை. வீடு வீடாக வந்து ஆளுக்கொரு சாவி கொடுத்தார். நானும் வாய் நிறைய நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஹில்டா கையையே நீட்டவில்லை.

"எப்ப வேணும்னாலும் போங்க ஹில்டா, நான் தடுக்கவே மாட்டேன்" என்றார் லாங்லி.

"நீங்க போகச் சொல்லிப் போனா அது உங்க தயவுங்க. ஆனா இந்தப் பாதை எங்க வழி. நாளைக்கு நீங்க வித்துட்டுப் போனா இந்தச் சாவி எதுக்கு ஆகும்?"

அவர் போனதும் எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு என்ன கொழுப்பு? அந்த முட்டிவலியை வெச்சுக்கிட்டு ரோட்டைச் சுத்தியா போவ?"

"போவேன் மாரிஸ். நீ சாவியைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரி."

பாதையைப் பொதுவழியென்று அறிவிக்கச் சொல்லி அவளே கவுன்சிலுக்கு மனுப் போட்டாள். இருபது வருஷம் ஊர் ஜனம் ஒளியாமல், யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் நடந்திருந்தால், வரைபடத்தில் இல்லாவிட்டாலும் அது பொதுவழிதான். சட்டம் அப்படி; நாங்கள் அதைவிட அதிக காலம் நடந்தவர்கள். ஆனால் சட்டம் மெதுவாகத்தான் நடக்கும். குளிர்காலம் முழுக்க அவள் மழையில் நொண்டிக்கொண்டு ரோட்டைச் சுற்றிப் போனாள். புட்டிங் சில்லிட்டுப் போய்விடும். "கல்லைக் கொண்டுவந்திருக்கியா?" என்று ரெஜ் முறைப்பாராம். பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு ஞாயிறு என் சாவியை எடுத்துப்போய் லாங்லியிடமே கொடுத்துவிட்டேன்.

ஊர்க் கூடத்தில் விசாரணை நடந்தது. லாங்லியின் வக்கீல் என்னைத்தான் முதலில் பிடித்தார்.

"பழைய சொந்தக்காரர் உங்களை நடக்க அனுமதிச்சார், இல்லையா?"

"தங்கமான மனுஷன். கேட்டிருந்தா கண்டிப்பா சரின்னுதான்..."

பின்வரிசையில் ஹில்டா தொண்டையைக் கனைத்தாள். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். அனுமதி இருந்தது என்றால் வழியே போய்விடும்; மரியாதைக்கு ஒரு பொய் சொல்லப் பார்த்தேனே என்று உறைத்தது.

"கேட்டீங்களா?" என்றார் விசாரணை அதிகாரி.

"இல்லங்க. ஒரு தடவைகூடக் கேக்கல. யாருமே கேட்டதில்ல."

வசந்தத்தில் தீர்ப்பு வந்தது. பொதுவழிதான். பூட்டும் போனது.

அந்த ஞாயிறு நானும் அவளோடு போனேன். கதவருகே இருக்கும் தன் வீட்டு வாசலில் லாங்லி நின்றிருந்தார். தோற்ற வருத்தம் முகத்தில் இல்லை. "வாங்க வாங்க, தாராளமா போங்க!" என்று கை காட்டினார்.

கதவில் வைத்த கையை ஹில்டா எடுத்துவிட்டாள்.

"மிஸ்டர் லாங்லி, அப்படிச் சொல்லாதீங்க. தயவுசெஞ்சு உள்ள போங்க. நான் அப்புறம் போறேன்."

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

ஹில்டா யாரையும் கேட்காமல் பாதையின் கதவைத் திறந்து நடந்தாள். ரெஜ் புட்டிங்கில் முதல் கரண்டியை வாயில் வைத்ததும் அலறினார்.

"அடிப்பாவி, நாக்கு வெந்துபோச்சு!"

ஹில்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.