வேப்பிலை செருகிய அறை

வீட்டு வரிக்காக வீடுகளை அளப்பது அப்போது என் வேலை. குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் பின்னறை வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

"பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கு சார், உள்ள போகாதீங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

வாடகைக்கு விட்ட அறைக்கு வரி கூடும். அதை மறைக்கத்தான் இந்த வேப்பிலை என்று நானே முடிவுகட்டி, கதவைத் தள்ளினேன். பாயில் படுத்திருந்த பெண் பதறிப்போய்ப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வெளிச்சுவரை அளந்தாலே கணக்கு வந்திடாதா சார்?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

வெளியே போய் அளந்தேன்; கணக்கு வந்தது. கூனிக்குறுகித் திரும்பினேன்.

அடுத்த முறை அளக்கப் போனபோது வாசலிலேயே நின்று, "உள்ளே வரலாமாம்மா?" என்று கேட்டேன். முகத்தில் தழும்போடு அந்தப் பெண்தான் வந்தாள். "வாங்க சார், இப்ப உள்ளயே அளக்கலாம்" என்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறேன். ஒருவர் அழைத்து நுழைந்தது அதுவே முதல்முறை.