மருந்துக்காரர் வளர்க்கும் களை

இரண்டு மணிக்கு வேலை விட்டதும் ஏழுமலை நேரே வீட்டுக்கு வருவதில்லை. களைக்கு மருந்தடிக்கும் டாங்கியை ஸ்டோரில் இறக்கி வைத்துவிட்டு ஓடைக்குப் போகிறார். சவுக்காரம் போட்டு இரண்டு தடவை குளிக்கிறார். மணலை அள்ளிக் கணுக்காலைத் தேய்க்கிறார். வேலைச் சாரத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்து, பாறை மேல் காயப்போட்டிருந்த வேறு சாரத்தைக் கட்டுகிறார். அப்புறம் உள்ளங்கையைத் தலைமயிரில் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்க்கிறார். வாடை இல்லை என்று நிச்சயமான பிறகுதான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் பின்பக்கமாக ஏறி வருகிறார்.

"நமக்குப் பழகிப்போச்சுங்க. அவங்களுக்கு ஆகாது" என்பார். 'அவங்க' என்பது வண்ணத்துப்பூச்சிகள். தேனீயும் வண்டும்கூட அவருக்கு 'அவங்க'தான்.

இலங்கையில், ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் உள்ள இறப்பர் தோட்டம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக மருந்தடிக்கிறார். வயது நாற்பத்தெட்டு. டாங்கியின் பட்டி அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் தழும்பு விழுந்துவிட்டது. பகலெல்லாம் மலையில் எந்தச் செடியைக் கொல்கிறாரோ, அதையேதான் தான் குடியிருக்கும் காம்பராவின் பக்கவாட்டில் நட்டு வளர்க்கிறார். நாயுண்ணி, தும்பை, எருக்கு, நாய்வால் மாதிரி நீண்ட கதிரில் ஊதாப் பூ விரிக்கும் பலுநகுட்ட. தெரியாதவர் பார்த்தால், யாரும் கவனிக்காமல் விட்ட மூலை என்றுதான் நினைப்பார்.

செடி தெரிவு செய்வதில் மாப்பிள்ளை பார்ப்பவரைவிடக் கண்டிப்பு. மலையில் தேநீர் நேரத்தில் மற்றவர்கள் நிழல் தேடிப் போக, இவர் வெயிலில் பூத்திருக்கும் ஏதாவது ஒரு செடியின் பக்கத்தில் போய்க் குந்துவார். "பூவப் பாக்கக் கூடாதுங்க. பூவுக்கு யாரு வாறாங்கன்னு பாக்கணும்." வரத்து இருந்தால் அந்தச் செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்துக்கொள்வார். பிறகுதான் அந்த இடத்துக்கு மருந்து.

மனைவி மருதாயி ஒருமுறை சந்தையில் பூங்கன்று விற்கும் முக்தாரிடம் அடுக்குச் செவ்வரத்தைக் கன்று ஒன்று வாங்கி வந்தாள். பூ பந்து மாதிரி இருந்தது. ஏழுமலை மூன்று நாள் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒத்தைப் பூச் செவ்வரத்தை வாங்கி வந்தார். "அடுக்குப் பூ கதவச் சாத்துன வீடு மாதிரி. வாறவங்க எப்பிடி உள்ள போறது?"

"நா கொண்டயில வைக்க வாங்குனேன், இவரு விருந்தாளிக்கு வாங்குறாரு" என்று மருதாயி இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். சொல்லிக்கொண்டே, உடைந்த பேசினில் மணல் பரப்பி, உப்புக் கிள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து வைப்பவளும் அவள்தான். மாசியில் கூட்டம் கூட்டமாகச் சிவனொளிபாத மலைப் பக்கம் பறந்து போகிற வண்ணத்துப்பூச்சிகள் இறங்கி அந்த ஈரத்தை உறிஞ்சும்.

எல்லாம் அவர் மருந்தடிக்க வந்த மூன்றாம் வருடம் தொடங்கியது. அந்த வருடம் லயத்தில் ஒரு வீட்டிலும் பூசணி பிடிக்கவில்லை. கொடி கூரை ஏறியது, பூ பூத்தது, பிஞ்சு கட்டைவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்தது. கண்ணூறு என்று சொல்லி ஆளாளுக்குப் பழைய செருப்பைக் கட்டினார்கள். ஏழுமலை விடிந்ததும் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பூ விரிந்து, வாடி, மூடும்வரை ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மலையைப் பார்த்தார். இறப்பர் மரங்களுக்குக் கீழே, அவர் நடந்துபோன வழியெல்லாம் கருகிக் கிடந்தது. பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "லயத்துப் பூசணிய நாந்தான் மருதாயி கொன்னேன்" என்றார். அவள் சோற்றுக் கோப்பையை மூடி வைத்தாள்.

கொஞ்ச நாள் காலையில் வீடு வீடாகப் போய், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட்டார். சில காய் பிடித்தன. ஆனால் விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற மனுசன் எத்தனை பூவைத் தொடுவது? வரவேண்டியவர்களை வரவழைப்போம் என்றுதான் முதல் தும்பையைக் கொண்டுவந்து நட்டார். இரண்டாம் வருடம் பூசணி காய்த்தது.

பூச்சி வந்தால் புழுவும் வரும். அடுத்த காம்பரா அழகம்மாவின் கறிவேப்பிலை மரம் ஒரு கிழமையில் மொட்டையானது. "ஏன்ண்ணே, ஒங்க புழுவுக்குத் திங்க என் மரந்தான் கெடச்சிச்சா?" என்று வாசலில் வந்து நின்று கத்தினாள். ஏழுமலை தன் பக்கத்தில் மூன்று கறிவேப்பிலைக் கன்று வைத்தார். பின்னேரங்களில் அவள் மரத்துப் புழுக்களை இலையோடு கிள்ளி எடுத்துவந்து தன் கன்றுகளில் விட்டார். அழகம்மா இரண்டு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் தோட்டத்தைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. லயத்தைச் சுற்றி ஒரு புல் இருக்கக் கூடாது, மருந்தடி என்று கண்டாக்கையா உத்தரவிட்டார். வெளிவேலைகளை மேற்பார்க்கும் அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஏழுமலை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். தன் மூலைக்கு வந்ததும் டாங்கியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"என்ன ஏழுமல, மருந்து முடிஞ்சிச்சா?"

"இருக்குங்க ஐயா."

"அப்ப?"

"இத மட்டும் என்னால முடியாதுங்க. வேற ஆளுக்குக் குடுங்க."

பத்தொன்பது வருடத்தில் அவர் சொன்ன முதல் 'முடியாது' அது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது குப்பதானே?" என்றார் கண்டாக்கையா.

அடுத்த வாசலிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது. "குப்பயில்லீங்க ஐயா. பூந்தோட்டம்."

"மல் வத்தயா?" என்று பூந்தோட்டத்தைச் சிங்களத்தில் சொல்லிக் கண்டாக்கையா அவளைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார். பலுநகுட்டவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "மல் வத்தன்னா வேலி எங்க? நாளக்கிக் காலயில வருவேன். வேலி இருந்தா தோட்டம். இல்லாட்டி காடு."

அவர் தலை மறைந்ததும் அழகம்மா லயத்து வாசலில் இறங்கினாள். "பூசணி தின்ன வாயெல்லாம் ஆளுக்கொரு கம்பு கொண்டாங்க!"

வந்தது. கிளிசிரிடியாக் கம்பு, மூங்கில், உடைந்த கட்டில் கால், யாரோ ஒருவர் வீட்டுக் கொடிக்கம்பம்கூட. வெயில் சாய்வதற்குள் மூன்று பக்கம் முடிந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு கம்பு குறைந்தது. மருதாயி விறகுக் குவியலில் துழாவி ஒரு காய்ந்த கொம்பை இழுத்தாள். பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை.

"இது உக்கிப்போச்சு. அடுப்புக்குத்தான் ஆகும்" என்று தள்ளி வைக்கப் போனாள்.

ஏழுமலை அதை வாங்கினார். ஓட்டையில் காதை வைத்தார். உள்ளே, கட்டையைக் குடைந்து குடியிருந்த கருவண்டு ஒன்று மெல்ல உறுமியது. கொம்பை ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுபோய்க் குழியில் இறக்கினார். மழைச்சாரல் அடிக்காத பக்கமாக ஓட்டையைத் திருப்பி வைத்து, வெறுங்காலால் மண்ணை மெதுவாக மிதித்தார்.