தயிர் சாதம் சாப்பிடும் நாய்க்குப் பூச்சி வருமா?

வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் நாய்க்குட்டி லட்டு ஹாலில் வாந்தி எடுத்தது. முந்தைய நாள் தயிர் சாதம். நடுவே சேமியா போல ஏதோ... ஆனால் சேமியா நெளியாதே?

நீங்கள் காபியைக் குடித்துவிட்டே மேலே படியுங்கள். நான் அன்று குடிக்கவில்லை.

எங்கள் மும்பை மாட்டுங்கா வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. லட்டுவும் சுத்த சைவம். இறைச்சி தின்கிற நாய்க்குத்தான் வயிற்றில் பூச்சி வரும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. அதனால் நாய் டாக்டர் கொடுத்த பூச்சி மாத்திரை இரண்டு மாதமாக ஃப்ரிட்ஜ் மேல் தூங்கியது.

"மூணு தடவை சொன்னேன், கேட்டேளா?" என்றாள் மனைவி.

"தயிர் சாதத்துல பூச்சி எங்கேர்ந்துடி வரும்?"

"இதோ நெளியறதே, அதுகிட்டயே கேளுங்கோ."

நாய் டாக்டருக்கு போன் போட்டேன். "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை சார். தாய் வயித்துலேயே குட்டிக்கு வந்துடும். மாத்திரையை இன்னிக்கே கொடுங்க. மலத்துல பூச்சி முட்டை இருக்கும். சில வாரம் மண்ணுல கிடந்தா, அந்த மண்ணைத் தொட்ட கையை வாயில வைக்கிற குழந்தைக்குள்ள போயிடும். அபூர்வமா கண்ணைக்கூட பாதிக்கும். ஆமா, வெளிக்குப் போனதை தினமும் அள்ளிடுறீங்கல்ல?"

அள்ளுவதா?

பில்டிங் பின்னால் ரிப்பேருக்குக் கொட்டிய மணல் குவியல் இருக்கிறது. லட்டுவை அங்கேதான் கூட்டிப் போவேன். மணல்தானே, தானே மூடிக்கொள்ளும் என்று விட்டுவிடுவேன். மாலையில் அதே மணலில்தான் என் எட்டு வயது மகள் வீடு கட்டுவாள். கட்டி முடித்ததும் நகம் கடிப்பாள்.

ரயிலில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் அவள் கையில் சானிடைசர் ஊற்றுகிற அப்பா நான். தாராவியிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் செல்வியிடம், "தெரு நாயைத் தொட்டுட்டு குழந்தையைத் தொடாதே" என்று தினமும் பாடம் எடுப்பவனும் நானே.

குழந்தை டாக்டரிடம் பத்தரைக்கு நேரம் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்க முடியுமா? டார்ச் அடித்து மகளின் கண்ணுக்குள் தேடினேன்.

"அப்பா, கண் கூசறது."

உள்ளேயிருந்து யாரும் கை காட்டவில்லை.

எட்டரைக்கு செல்வி வந்தாள். நடந்ததை என் மனைவி சொல்லச் சொல்ல, துடைப்பத்தைக் கையில் எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"பத்தரைக்கு எம் மவளயும் கூட்டிட்டு வரட்டா சார்? லீவு நாள்ல எங்கூட இங்க வந்தா, பாப்பாவோட சேந்து அவளும் அந்த மணல்லதான வெளையாடுதா."